கன்ட்ரோலர் வாங்கப் போறீங்களா, முதல்ல ஸ்டிக்குக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க

பிசிக்கும் கன்சோலுக்கும் சேர்த்து ஒரு நல்ல கன்ட்ரோலர் சொல்லுங்கன்னு நிறைய பேர் கேக்குறீங்க, எல்லாருக்கும் சேர்த்து இங்கயே எழுதிடுறேன். பின்னாடி எத்தனை பட்டன், லைட் எரியுமா, இதெல்லாம் அப்புறம்ங்க. கட்டைவிரலால தள்ளுற ஸ்டிக் இருக்குல்ல, அதுல என்ன சென்சார்னு கேளுங்க முதல்ல.

நாம கையே வைக்காம கேரக்டர் தானா ஒரு பக்கமா நடந்து போகுதுல்ல, அதான் ட்ரிஃப்ட். பெரும்பாலான கன்ட்ரோலர்ல ஸ்டிக்குக்கு அடியில இருக்குறது பொட்டென்ஷியோமீட்டர், பழைய ரேடியோ வால்யூம் திருகுல இருந்த அதே சமாச்சாரம், கார்பன் பட்டை மேல ஒரு சின்னத் தகடு உரசிக்கிட்டே இருக்கும், உரச உரச தேயும், தேஞ்சா ரீடிங் தப்பா வரும். ஹால் எஃபெக்ட், டிஎம்ஆர்னு இன்னும் ரெண்டு வகை சென்சார் இருக்கு, அதுலயெல்லாம் காந்தம்தான், உரசலே இல்ல, அதனால இந்தத் தேய்மானமும் இல்ல. காந்த ஸ்டிக் ஒண்ணும் புதுசு கிடையாது, 1998ல வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்சோலோட கன்ட்ரோலர்லயே இருந்துச்சு! எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர்ல ட்ரிகருக்கு, அதான் ஆள்காட்டி விரலால அழுத்துற பட்டனுக்கு, காந்த சென்சார் வச்சவங்க ஸ்டிக்குக்கு வைக்கல, அதை நெனச்சா எனக்கு ஆறவே மாட்டேங்குது.

2019ல வந்த எக்ஸ்பாக்ஸ் எலைட் சீரிஸ் 2 கன்ட்ரோலர்ல ஸ்டிக் டைட்டைக் கூட்டலாம் குறைக்கலாம், பின்னாடி விரலால அழுத்த நாலு பேடில், எல்லாம் அருமைதான், ஆனா உள்ள அதே பொட்டென்ஷியோமீட்டர். சோனியோட பிஎஸ்5 கன்ட்ரோலர் டூயல்சென்ஸ் எட்ஜ் 2023ல வந்தப்போ அமெரிக்காவுல 200 டாலர், அதுலயும் அதேதான், ஆனா தேஞ்சுபோன ஸ்டிக் மாட்யூலை மட்டும் கழட்டிட்டு புதுசு மாட்டிக்கலாம், சால்டரிங் வேலையே இல்ல. கஸ்டமைஸ்னு சொல்றதுலயே உருப்படியான விஷயம் இதுதான்னு நான் சொல்லுவேன், எல்லாக் கம்பெனியும் இதைச் செய்யணும்.

எல்லாத்துக்கும் ஒரே கன்ட்ரோலர்ங்கிற ஆசையை விட்டுடுங்க. பிஎஸ்5 கேம் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை ஏத்துக்காது, சோனியோட சொந்த பிஎஸ்4 கன்ட்ரோலர் டூயல்ஷாக் 4ஐயே ஏத்துக்காது. எக்ஸ்பாக்ஸ்லயும் 2023 நவம்பர்லருந்து லைசென்ஸ் இல்லாத கன்ட்ரோலரைத் தடுத்துட்டாங்க. பிசிதான் தங்கம், கிட்டத்தட்ட எல்லாமே ஓடும், கேம் வாங்கி விளையாடுற ஸ்டீம் ஆப்லயே பட்டனை இஷ்டத்துக்கு மாத்தி வச்சுக்கலாம்.

பிசியும் எக்ஸ்பாக்ஸும் வச்சிருக்கீங்களா, கேம்சர் ஜி7 எஸ்இ. வயர்தான், ஆனா ஸ்டிக், ட்ரிகர் ரெண்டும் ஹால். பிசியும் ஸ்விட்சும்னா ஹால் ஸ்டிக் இருக்குற 8பிட்டூ அல்டிமேட் ப்ளூடூத். பிஎஸ்5 மட்டும்னா, காசு இருந்தா எட்ஜ்.

ஹால் இருந்தாலும் ட்ரிகருக்கு மேல இருக்குற பம்பர் பட்டனும் ஸ்டிக் ஸ்பிரிங்கும் போகத்தான் செய்யும், அதனால எது வாங்கினாலும் ரிட்டர்ன் தேதி முடியுறதுக்குள்ள பிசியில மாட்டி ஒவ்வொரு பட்டனா அழுத்திப் பாத்துடுங்க.