உண்மை விளக்கம்: டிரெய்லர் ஆடினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கலாமா?

"காருக்குப் பின்னால் இழுத்து வரும் டிராவல் டிரெய்லர் (சக்கரம் வைத்த சிறு வீடு) பாம்பு மாதிரி ஆடினால் வேகத்தைக் கூட்டுங்கள், நேராகிவிடும்" என்று அமெரிக்காவில் ஒரு யோசனை சுற்றுகிறது. தவறு. வேகம் கூடினால் ஆட்டமும் கூடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். கார் பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் வேண்டாம். பிரேக் கன்ட்ரோலர் (காருக்குள் இருந்தே டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி) இருந்தால் அதைக் கையால் மெல்லத் தள்ளுங்கள், டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடித்து வண்டியைப் பின்னுக்கு இழுத்து நேராக்கும்.

சரி, ஏன் ஆடுகிறது? பெரும்பாலும் சாமான் ஏற்றிய விதம்தான். சைக்கிள், தண்ணீர் கேன் எல்லாம் டிரெய்லரின் பின்பக்கம் போனால், அதைக் காரோடு இணைக்கும் கொக்கியில் பாரம் குறைந்துவிடும். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். 5,000 பவுண்டு டிரெய்லருக்கு 500 முதல் 750 பவுண்டு. ஆட்களின் எடையோடு இதையும் கார்தான் சுமக்கிறது. வரம்பு எவ்வளவு என்று ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும்.