நாலு கேள்வி கேட்பதும் ஆராய்ச்சிதான்

சனிக்கிழமை மருத்துவ ஆய்வரங்கில், வீடு வீடாகப் போய்ச் செய்த ஓர் உளநல ஆய்வை அமர்வின் தலைவர் கேலி செய்ததை முழுவதும் விவரிக்கத் தேவையில்லை. அதன் காணொளியைப் பார்க்காதவர்கள் என் நட்பு வட்டத்தில் இல்லை. இதைப் பற்றி நான் முன்பு இட்ட பதிவுக்கு வந்த மறுமொழிகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். அதன் கீழே சிரிப்புக் குறி இட்டவர்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அமர்வுக்குத் தலைமை வகித்த மூத்த சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இந்தப் பதிவு அவர் ஒருவரைப் பற்றியதும் அன்று. அப்படிச் சொன்னாலும், அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஒரே அமர்வில் மூன்று ஆய்வுகள் முன்வைக்கப்பட்டன. முதலாவது சத்திரசிகிச்சைக் காயங்களில் ஏற்படும் தொற்றைப் பற்றியது. இரண்டாவது உறுப்பு மாற்றத்துக்குப் பின்னரான நிர்ப்பீடனத்தை, அதாவது உடலின் நோயெதிர்ப்பைப் பற்றியது. மூன்றாவது வட கொழும்பின் தொடர்மாடிகளில் வாழும் பெண்களின் மனச்சோர்வைப் பற்றியது. முதலிரண்டுக்கும் முழு நேரமும் கிடைத்தது, கேள்விகளும் கிடைத்தன. மூன்றாவதை முன்வைக்க, அந்த ஆய்வைச் செய்த இளம் பெண், எனக்குத் தங்கை போன்றவர், மேடையேறியபோது, தேநீருக்கு நேரமாகிவிட்டது என்று அவருடைய நேரத்தைப் பாதியாக வெட்டினார்கள். அவர் பேசி முடித்ததும், வீடு வீடாகப் போய் நாலு கேள்வி கேட்டுக் கூட்டிக் கழிப்பது ஆராய்ச்சி என்றால் தன் வீட்டில் சமைக்கும் அம்மாவும் ஆராய்ச்சியாளர்தான் என்று தலைவர் சொன்னார், மண்டபம் சிரித்தது. அந்தச் சமையற்கார அம்மா எங்கே குடியிருக்கிறார், அவரிடம் யாராவது அந்த நாலு கேள்வியை எப்போதாவது கேட்டிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. அந்த ஆய்வுக்காக வீடு வீடாகப் போன கள உத்தியோகத்தர்களில் நானும் உண்டு; நாங்கள் தட்டிய கதவுகளில் ஒன்று அவருடையதாகவும் இருந்திருக்கலாம்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் போகிறேன்: ஒரு மனிதரிடம் முறையாகக் கேள்வி கேட்டு, கிடைத்த பதிலை முறையாக எண்ணுவது அறிவியல். சத்திரசிகிச்சையும் தன்னைச் சோதித்துப் பார்க்க வேண்டி வந்தபோதெல்லாம் இந்த வேலையைத்தான் செய்திருக்கிறது.

அமெரிக்காவின் ஹியூஸ்டனில் எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் மோஸ்லியும் அவருடைய குழுவினரும் முழங்கால் மூட்டுத் தேய்வுள்ள 180 பேரை எடுத்துக்கொண்டு, சிலருக்கு உள்நோக்கிக் கருவி மூலம் மூட்டைச் சுத்தம் செய்தார்கள், சிலருக்குக் கழுவி மட்டும் விட்டார்கள், மீதிப் பேருக்குத் தோலில் கீறல் போட்டுவிட்டு உள்ளே ஒன்றும் செய்யாமல் தைத்துவிட்டார்கள். 2002 இல் வெளியான முடிவு, உண்மையான சிகிச்சை பெற்றவர்கள் பொய்க் கீறல் பெற்றவர்களைவிட எந்த விதத்திலும் நன்றாக இருக்கவில்லை என்பது. உலகம் முழுவதும் ஆண்டாண்டு காலமாகச் செய்துவந்த ஒரு சத்திரசிகிச்சையை அந்த ஆய்வு கேள்விக்குள்ளாக்கியது. அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள்? நோயாளிகளிடம் வினாக்கொத்தைக் கொடுத்து, எவ்வளவு வலிக்கிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று இரண்டு வருட காலம் கேட்டுத்தான் பெரும்பாலும் வந்தார்கள். நாலு கேள்வி, ஐயா. கூட்டல் கழித்தல்.

இன்னொன்றும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை அறியாத சத்திரசிகிச்சைக்கூடம் இன்று இராது. நோயாளியின் பெயர் சரியா, எந்தப் பக்கத்தை வெட்டப் போகிறோம், ஒவ்வாமை உண்டா என்று 19 விடயங்களைச் சத்தமாகக் கேட்டு உறுதிசெய்யும் ஒரு தாள் அது. புது தில்லி, மணிலா, லண்டன் உட்பட எட்டு நகரங்களின் எட்டு வைத்தியசாலைகளில் பரிசோதித்து 2009 இல் வெளியிட்டபோது, மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், பாரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்திருந்தன. புதிய கத்தி வரவில்லை, புதிய மருந்து வரவில்லை. கேள்வி கேட்டார்கள். அந்தத் தாளைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை, ஏனெனில் அதைக் கேட்டவர்கள் பச்சை அங்கி அணிந்திருந்தார்கள்.

சரி, காயத்துக்கும் மனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1995 இல் ஓகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய சகாக்களும், மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களையும், வயதிலும் வருமானத்திலும் அவர்களுக்கு ஒத்த வேறு 13 பெண்களையும் அழைத்து, முன்கையில் 3.5 மில்லிமீற்றர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயம் ஏற்படுத்தி, அது ஆறும் நாட்களை எண்ணினார்கள். பராமரிப்புச் சுமை இல்லாத பெண்களுக்குச் சராசரியாக 39.3 நாட்களும், சுமை உள்ளவர்களுக்கு 48.7 நாட்களும் பிடித்தன. சுமை உள்ளவர்களின் வெண்குருதிக் கலங்கள், காயம் ஆறுவதற்கு வேண்டிய இன்டர்லூக்கின்-1 என்ற சமிக்ஞையை உண்டாக்குவதில் பின்தங்கியிருந்தன. சத்திரசிகிச்சை, நிர்ப்பீடனம், உளநலம் மூன்றும் ஒரு பெண்ணின் முன்கையில், ஒரு பென்சில் நுனி அளவு இடத்தில் சந்தித்திருக்கின்றன. சனிக்கிழமை மேடையில் ஒரே அமர்வுக்குள் அந்த மூன்றையும் அடுக்கிய ஏற்பாட்டாளர்களுக்கு இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். தலைமையில் இருந்தவருக்குத்தான் தேநீர் ஞாபகம் வந்துவிட்டது.

இருபத்தாறு பேரை வைத்து என்ன சொல்ல முடியும் என்று கேட்கலாம், கேள்வி நியாயமானது. அதனால்தான் அவர்கள் அத்துடன் நிறுத்தவில்லை. 1998 இல் வெளியான ஆய்வில், 11 பல்மருத்துவ மாணவர்களின் மேலண்ணத்தில் கோடை விடுமுறையில் ஒரு தடவையும் பரீட்சைக் காலத்தில் ஒரு தடவையும் அதே அளவு காயம் ஏற்படுத்திப் பார்த்தார்கள். ஆள் அதே ஆள். பரீட்சை நேரத்தில் காயம் ஆறுவதற்கு 40 சதவீதம் அதிக நாட்கள் எடுத்தன.

இனி என் சொந்த விடயம். என் தாய்மாமா வவுனியாவிலிருந்து வந்து எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் தங்கியிருந்து, கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். சிறுநீரகம் கொடுத்தவர் மாமி. வெட்டியது அருமை, தைத்தது அருமை, புதிய உறுப்பை உடல் ஏற்க மறுப்பதைத் தடுக்கும் குளிசைகளும் சரியாக எழுதிக் கொடுக்கப்பட்டன. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் குருதி எடுத்தார்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்தார்கள், அடுத்த திகதி கொடுத்தார்கள். நித்திரை வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் குளிசைகளைப் போடாமல் ஒரு பழைய பால்மா டின்னுக்குள் சேர்த்து வைத்திருந்ததை மாமி கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. அவளுடைய வயிற்றை வெட்டி எடுத்துக்கொண்டு நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவர் அம்மாவிடம் சொல்லி அழுதது அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அந்தச் சிறுநீரகம் நிலைக்கவில்லை. மாமா இன்று மறுபடியும் குருதிச் சுத்திகரிப்புக்குப் போய் வருகிறார். மாமி ஒற்றைச் சிறுநீரகத்துடன் கூடப் போகிறார்.

ஒரு மாமாவின் கதை ஆய்வாகாது என்று எழுதப் போகிறவர்களுக்கு: ஆகாது, எனக்கும் தெரியும். அதற்காகத்தான் பலரிடம் ஒரே கேள்வியை ஒரே விதமாகக் கேட்டு எண்ண வேண்டும் என்கிறேன். அதைத்தானே அந்தத் தங்கை செய்தார், அதற்குத்தானே சிரித்தீர்கள்?

ஆட்கள் வினாக்கொத்தில் பொய் சொல்வார்கள் என்பது அடுத்த வாதம். சொல்வார்கள். முழங்கால் நோயாளியும் சொல்லலாம். மாமியாரை அறைக்கு வெளியே இருத்திவிட்டுத் தனியாகக் கேட்பதும், ஒரே பொருளை வேறு வேறு இடத்தில் கேட்டு ஒப்பிடுவதும், ஒரு பகுதியினரை மருத்துவர் நேரில் பேட்டி கண்டு வினாக்கொத்தின் முடிவுடன் பொருத்திப் பார்ப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான். மின்தூக்கி வேலை செய்யாத தொடர்மாடியில் ஏறிப்போய், உயிர் வாழ விருப்பமில்லாமல் இருந்ததா என்ற கேள்விக்கு ஒரு பெண் தலையசைத்தால், அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வீடு திரும்ப எங்களுக்கு அனுமதி இல்லை. மேற்பார்வையாளருக்கு அறிவித்து, அந்தப் பெண்ணைச் சிகிச்சையுடன் இணைத்து, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தையும் கொடுத்துவிட்டுத்தான் படியிறங்குவோம். இது இலகுவான வேலை என்று நினைக்கும் எவரும் ஒரு நாள் எங்களுடன் வரலாம்.

மருந்துக்கே தட்டுப்பாடு வந்த நாட்டில் மனத்தை ஆராயப் பணமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். 2022 இல் மருந்தில்லாமல் சத்திரசிகிச்சைகள் தள்ளிப் போடப்பட்டதை நானும் பார்த்தேன், ஆகவே இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் பணம் குறைந்த இடத்துக்குத்தான் இந்த ஆய்வு அதிகம் தேவைப்படுகிறது. பாக்கிஸ்தானின் ராவல்பிண்டி கிராமப்புறத்தில் அத்தீப் ரஹ்மானின் குழு, மனச்சோர்வுற்ற 903 தாய்மாரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்குச் சாதாரணக் கிராமச் சுகாதாரப் பெண் ஊழியர்களைக் கொண்டே சிந்தனைப் போக்கை மாற்றும் உளவியல் சிகிச்சையை வழங்கியது. ஆறு மாதங்களில், சிகிச்சை பெற்றவர்களில் 23 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 53 சதவீதத்தினரும் மனச்சோர்வில் இருந்தார்கள். 2008 இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அவர்கள் கட்டடம் கட்டவுமில்லை, இயந்திரம் வாங்கவுமில்லை.

வெளிநாடு வேண்டாம், நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. இறப்புகளை எண்ணி, எந்தப் பீடைகொல்லி எவ்வளவு உயிர் குடிக்கிறது என்று கணக்கிட்டவர்களின் ஆய்வின் பலத்தில், கொடிய பீடைகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் வீழ்ந்தது. 1995 முதல் 2015 வரை ஏறத்தாழ 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அது உளநலம் இல்லை, நஞ்சியல் என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். எண்ணியது எண்ணியதுதான். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போருக்குள் இருந்துகொண்டு, தனி மனிதருக்கு மட்டுமல்லாமல் முழுச் சமூகத்துக்கும் ஏற்பட்ட மனவடுவைப் பற்றி எழுதியதும் ஆட்களிடம் கேட்டுத்தான், அவர்கள் சொன்னதை இருந்து கேட்டுத்தான்.

எனக்குப் பொறாமை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மேடை கிடைக்காத பொறாமையாம். மேடையை நான் கேட்கவில்லை. ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் நன்றி நவிலும் பகுதியில் கள உத்தியோகத்தர்களுக்கு என்று ஒரு வரி வரும், பெயர் இராது. அதையும் நான் கேட்டதில்லை. தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்த, பெண்கள் கதவைத் திறக்கத் தயங்காத ஒருவர் வேண்டும் என்று தேடிவந்து எங்களை அமர்த்துகிறார்கள்; தரவு கைக்கு வந்ததும் அது அவர்களுடைய தரவாகிவிடுகிறது; கேலி செய்ய வேண்டியிருந்தால் மட்டும் எங்களுடைய நாலு கேள்வியாகிவிடுகிறது. மூத்தவர் பகிடிக்குத்தானே சொன்னார், இதைப் பெரிதுபடுத்தலாமா என்று கேட்கும் அன்பர்களே, பகிடி சொல்லும் உரிமை எப்போதும் ஒலிவாங்கி கையில் இருப்பவருக்கே கிடைப்பதை நீங்கள் கவனித்ததில்லையா? அந்தத் தங்கைக்கு அன்று பதில் சொல்லக்கூட நேரம் கொடுக்கப்படவில்லை. கணினியை மூடிக்கொண்டு இறங்கி வந்தார். தேநீர் வரிசையில் இருவர் அவரிடம் வந்து, நல்ல முயற்சி, அடுத்த முறை ஏதாவது ஆய்வுகூடப் பரிசோதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை வேறு சொன்னார்கள்.

சத்திரசிகிச்சை நிபுணர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாமாவுக்கு வெட்டியவரின் கையை என் அம்மா கும்பிட்டார். நான் நின்று பார்த்தேன். அந்தக் கையால் முடிந்தது அவ்வளவும் நடந்தது, மீதியை ஒருவரும் கேட்கவில்லை, அதுவே என் வழக்கு.

முந்தைய பதிவை நீக்கும்படி உள்பெட்டியில் எழுதியவர்களுக்குப் பதில்: நீக்கமாட்டேன். வாதிட விரும்புபவர்கள் அந்தத் தங்கையின் ஆய்வுச் சுருக்கத்தை வாசித்துவிட்டு, மாதிரி தெரிவில் குறை உண்டா, அளவீட்டில் குறை உண்டா என்று எழுதுங்கள். அவரும் பதில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். சிரிப்புக் குறி இட்டவர்கள் அதை எடுக்க வேண்டாம், இருக்கட்டும். இந்த வாரம் மட்டக்குளியில் எங்களுக்கு இரண்டாம் சுற்று இருக்கிறது, ஆகவே மறுமொழிகளைப் பார்க்க எனக்குச் சற்றுத் தாமதமாகும்.