அந்த செட்டைப் போட்டவர் ரோல்ஃப் செஹெட்பாவர்

நேற்று ராத்திரி 'டாஸ் பூட்' என்ற ஜெர்மன் நீர்மூழ்கிப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். நீர்மூழ்கி அவசரமாக முங்க வேண்டும். அதன் மூக்குப் பக்கம் எடை கூட்டுவதற்காக மாலுமிகள் மொத்தமாக முன்னால் ஓடுவார்கள். வட்டக் கதவுக்குள் காலை விட்டு, தலையைக் குனிந்து, குழாயிலும் வால்வுகளிலும் தோள் உரச ஓடும்போது கேமராவும் பின்னாலேயே ஓடும். ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வாகானோவை இதற்காகக் கொண்டாடுகிறோம், சரி. அவர் ஓடிய இடத்தைக் கட்டியவரை ஏன் யாரும் பேசுவதில்லை?

அவர்தான் ரோல்ஃப் செஹெட்பாவர், 1929இல் மியூனிக்கில் பிறந்த கலை இயக்குநர். அந்த ஊரை ஒட்டிய பவேரியா ஸ்டுடியோவில் நீர்மூழ்கியின் உட்புறத்தை நிஜ அளவிலேயே போட்டார்கள். முழு செட்டும் ஹைட்ராலிக் தாங்கிகள் மேல் நின்றது. ஆட்டிவிட்டால் உள்ளே இருக்கும் நடிகர்கள் நிஜமாகவே தடுமாறுவார்கள். 1983 ஆஸ்கரில் படத்துக்கு 6 பரிந்துரைகள். இயக்கம், திரைக்கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிக்கு இரண்டு. செட் வேலைக்கான கலை இயக்கப் பிரிவில் ஒன்றுகூட இல்லை! நிஜக் கப்பலுக்குள் போய் எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஆஸ்கர் அவருக்குப் புதிதில்லை. 'காபரே' படத்துக்காக 1973லேயே இன்னும் இருவரோடு சேர்ந்து வாங்கியவர். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது, 1966இல் ஜெர்மன் டிவியில் வந்த கறுப்பு வெள்ளை விண்வெளித் தொடர் 'ரவும்பட்ருல்யே'. விண்கலத்தின் கட்டுப்பாட்டு மேசையை உற்றுப் பாருங்கள், ஒரு இஸ்திரிப் பெட்டி தெரியும். வீட்டில் துணி தேய்க்கிற அதே பெட்டி! கையில் கிடைத்த சாமானை வைத்து விண்கலத்தையே நம்ப வைத்த மனுஷன்.

அப்புறம், ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மன் மியூனிக்கில் எடுத்த படத்துக்கு 1920களின் பெர்லின் தெருவை ஸ்டுடியோ வளாகத்திலேயே எழுப்பினார். பின்னால் ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டரும் பெர்லினில் நடக்கும் தன் டிவி தொடருக்கு அதே தெருவில் எடுத்தார். அந்த ஃபாஸ்பிண்டருக்கு 'லோலா', 'வெரோனிகா வோஸ்' என்று வரிசையாக செட் போட்டதும் இவர்தான். நாமோ எல்லாவற்றையும் இயக்குநர் கணக்கிலேயே எழுதிக்கொண்டு போகிறோம்.

2022 ஜனவரியில் இறந்துபோனார். அந்த நீர்மூழ்கி செட்டை பவேரியா ஸ்டுடியோவில் பார்வையாளர்களுக்காக வைத்திருக்கிறார்கள், உள்ளே நடந்து போகலாம். மியூனிக் பக்கம் படிக்கவோ வேலைக்கோ போனவர்கள் யாராவது அதற்குள் நடந்திருந்தால் சொல்லுங்கள். அந்த வட்டக் கதவில் நுழையும்போது எவ்வளவு குனிய வேண்டியிருந்தது?