ஜன்னலில் தெரிவது மட்டும் இயற்கை அல்ல

வீடு பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து பார்க்கிறார்கள், கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள், அலமாரிகளை எண்ணுகிறார்கள். பால்கனியிலிருந்து ஏதாவது பச்சையாகத் தெரிந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடுகிறது. அந்தப் பச்சைக்காகக் கூடுதல் விலை கொடுக்கவும் தயார். ஆனால் தெரு எந்தப் பக்கம் சரிகிறது, மழைத் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகும், பிற்பகல் மூன்று மணிக்கு நடைபாதையில் நிழல் இருக்குமா என்று கேட்பவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இயற்கையைக் காட்சியாக விலை பேசப் பழகிவிட்டோம். அது நம் குடியிருப்பில் இரவும் பகலும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது உறைப்பதே இல்லை.

காட்சிக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பிரசித்தம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப் பேருக்கு ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்துகளையும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். சிறிய ஆய்வுதான். மனை விற்பவர்களுக்கு அது போதும்!

என் கவலை ஜன்னலுக்கு வெளியே, தெருவில் இருக்கிறது. மரமுள்ள தெருவும் மரமில்லாத தெருவும் அடுத்தடுத்து இருந்தால், வித்தியாசம் அறிய வெப்பமானி தேவையில்லை. நிழல் தெருவில் வாசலில் ஒரு நாற்காலி கிடக்கும். பிள்ளைகள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஏதோ வழக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். நடந்து வரும் பெரியவர் ஒருவர் மூச்சு வாங்க நின்று, நின்ற இடத்தில் இருப்பவரிடம் நலம் விசாரிப்பார். மொட்டைத் தெருவிலோ ஜன்னல்கள் சாத்தியிருக்கும். ஏசி இயந்திரங்களின் வெளிப்பெட்டிகள் இரைந்துகொண்டிருக்கும். அவை கக்கும் சூடும் அந்தத் தெருவிலேயே வந்து சேரும். தாரும் கான்கிரீட்டும் பகலில் விழுங்கிய வெயிலை இரவில் வெளியே விடுகின்றன. லண்டன் நகரத்து இரவுகள் சுற்றுப்புறத்தைவிட வெதுவெதுப்பாக இருப்பதை வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அளந்து எழுதிவிட்டார். மரமோ வெயிலைத் தடுப்பதோடு நிற்பதில்லை, இலைகள் வழியாக நீராவியை வெளியேற்றிக் காற்றையும் குளிர்விக்கிறது.

சிகாகோவின் பொதுக் குடியிருப்பு ஒன்றில் 98 கட்டடங்களைச் சுற்றிய குற்றப் பதிவுகளை ஆராய்ந்து 2001இல் ஒரு கட்டுரை வந்தது. மரமும் புல்லும் கூடுதலாக இருந்த கட்டடங்களில் குற்றங்கள் கணிசமாகக் குறைவு. மரம் திருடனைப் பிடித்துக் கொடுக்கவில்லை. மரத்தடியில் ஆட்கள் இருந்தார்கள், ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்கள். நான் அதை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

நிலத்தின் அமைப்பு யார் எங்கே வாழ்வது என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. பிரிட்டனின் பழைய தொழில் நகரங்களில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். ஆலைப் புகை கிழக்கே போய்க் கவிந்தது, வசதியுள்ளவர்கள் மேற்கே நகர்ந்தார்கள். புகை போய்ப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் பல நகரங்களில் அந்தக் கிழக்கு-மேற்கு வேறுபாடு மறையவில்லை. அதே சமயம், மேடு என்றாலே பணக்காரர், பள்ளம் என்றாலே ஏழை என்று முடிவு கட்டவும் முடியாது. லாஸ் ஏஞ்சலிஸில் மலைச்சரிவு மாளிகைகளுக்கு, ரியோ டி ஜெனிரோவில் குடிசைகளுக்கு. குன்றின் மேல் சாலையும் குடிநீரும் சாக்கடையும் யாருக்காக ஏறின என்பதே விஷயம். கொலம்பியாவின் மெடெயின் நகரம் 2004இல் மலைச்சரிவு ஏழைகளுக்காகக் கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் ரோப் கார் விட்டது. சரிவு அப்படியேதான் இருந்தது. நகரத்துக்கும் அவர்களுக்கும் இருந்த தூரம் குறைந்தது.

தண்ணீர் விஷயத்தில் நிலம் இன்னும் பிடிவாதம். மனைப்பிரிவு வரைபடத்திலிருந்து ஓடையை அழித்துவிடலாம், குழாய்க்குள் அடைத்து மேலே தெரு போட்டுவிடலாம். மேலேயுள்ள தெருக்களில் கொட்டும் மழைக்கு அது தெரியாது. பழைய வழியில்தான் வரும், வழியில் இருக்கும் வரவேற்பறையைக் கேட்டுக்கொண்டு வராது. நெதர்லாந்துக்காரர்கள் நைமேகன் நகரத்தில் இதை ஒப்புக்கொண்டார்கள். அங்கே ஓடும் வால் என்ற ஆற்றின் கரையை மேலும் உயர்த்துவதற்குப் பதிலாக 350 மீட்டர் பின்னால் தள்ளி, சுமார் 50 வீடுகளை அகற்றி, ஆற்றுக்குக் கூடுதலாக ஒரு கால்வாய் வெட்டிக் கொடுத்தார்கள். வீடு இழந்தவர்களுக்கு அது வலிதான், அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனாலும் ஆற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பதைவிட அது நேர்மையான முடிவு.

கண்ணுக்கே தெரியாத நிலக்கூறும் உண்டு. களிமண் தரையில் கட்டிய வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஏறும், மேலே போகப் போக அகலமாகும். வறட்சியில் நாணயத்தைச் செருகலாம், மழை நின்று பெய்த பிறகு தலைமுடி அளவுக்கு ஒடுங்கிவிடும். பூசுகிறவர் வந்து அடைத்துவிட்டுப் போவார், அடுத்த வறட்சியில் மறுபடியும் திறக்கும். சிமெண்டில் குறையில்லை, கீழே மண் சுருங்கி உப்புகிறது. சுவரையொட்டிப் பெரிய மரம் நின்றால் அது ஈரத்தை உறிஞ்சி நிலைமையை மோசமாக்கும். 1976 வறட்சியில் பிரிட்டனில் எத்தனையோ வீடுகள் இப்படித்தான் விரிசல் விட்டன. ஆகவே கண்ட இடத்தில் மரம் நடச் சொல்பவன் அல்ல நான்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சியோலில் மேம்பாலச் சாலையை இடித்து, அடியில் புதைந்திருந்த சோங்கேசோன் ஓடையை 2005இல் மீட்டார்கள். கரை குளிர்ந்தது, மக்கள் கூடினார்கள், சுற்றிலும் நில மதிப்பும் ஏறியது. அங்கே பிழைத்துவந்த தெரு வியாபாரிகள் இடம்பெயர வேண்டியிருந்தது. பசுமை வந்ததும் வாடகை ஏறி, வெயிலில் கிடந்தவர்களே வெளியேறுவது பல நகரங்களில் நடக்கிறது. இதற்குப் பயந்து மரம் வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு பேட்டையில் மட்டும் பூங்கா அமைத்தால் அது பகட்டுப் பொருளாகிவிடும். எல்லாத் தெருவுக்கும் நிழல் வந்தால் அதற்கென்று தனி விலை வைக்க முடியாதே!

கடைசியாக, இலை குப்பை போடுகிறது என்று தெருமரத்தை வெட்டச் சொல்லி மனு எழுதுகிறவர்களுக்கு. இலை பெருக்க ஆகும் செலவையும், மரம் போனபின் ஒவ்வொரு வீட்டிலும் ஏறப்போகும் மின்கட்டணத்தையும் ஒரே தாளில் அருகருகே எழுதி வீடு வீடாகச் சுற்றுக்கு விடுங்கள். அந்த மனுவில் எத்தனை கையெழுத்து மிஞ்சுகிறது என்று பார்க்க எனக்கு ஆசை.