அந்த நோட்டை மூடிவிட வேண்டாம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரத்ததானக் குழுவின் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். கொரோனா சமயத்தில் தொடங்கிய 'நோட்டு வேலை'யை, அதாவது அடிக்கடி ரத்தம் தேவைப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுப்பவர்களின் பெயரை நோட்டில் எழுதி முறைவைத்து அனுப்புவதை, கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டு, பழையபடி பெரிய கேம்ப்புகள் மட்டும் போடுவது என்று. நான் எதிர்த்தேன். ஆனால் நாலு பேர் முன்னால் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2020 மார்ச் வரை நாங்களும் கேம்ப்பைத் தவிர வேறு எதுவும் செய்ததில்லை. கல்லூரி அரங்கம், ஃபிளெக்ஸ், பிஸ்கட், ஜூஸ், சான்றிதழ், குரூப் போட்டோ. ஒரே நாளில் 150 பேர் கொடுப்பார்கள். மார்ச் 24 மாலை 144 போட்டார்கள், நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. கல்லூரிகள் மூடிவிட்டன. எங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்ய வழியில்லாமல் போனது.

ரத்தத்தின் தேவை மட்டும் நிற்கவில்லை. தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம். பிரசவத்தைத் தள்ளிப்போட முடியுமா? தலசீமியா என்ற பிறவி ரத்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு ரத்தம் ஏற்றும் நாளைத் தள்ளிப்போட முடியுமா?

ஏப்ரலில் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஓர் அம்மா போன் செய்தார். மகனுக்கு ஏழு வயது, தலசீமியா, பி பாசிட்டிவ். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். அந்த முறை நாள் கடந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பஸ் இல்லாததால் பால் வண்டியில் இடம் கேட்டு மதுரைக்கு வந்திருந்தார்கள். ரத்த வங்கியில் இருப்பு இல்லை, ஆள் கூட்டிவாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். "அண்ணே, பிள்ளை ரெண்டு படி ஏற மாட்டேங்கிறான்" என்றார். நான் போனபோது அம்மா தோளில் சாய்ந்து கிடந்தான். நகக்கண்ணில் பொட்டு ரத்தம் இல்லை. என் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்து, "பைக் சாவியா?" என்று மட்டும் கேட்டான். அந்த ஒரு கேள்விக்கே மூச்சு வாங்கியது.

அன்று இரவுதான் 80 பக்க நோட்டு ஒன்றை எடுத்தோம். கணக்கு எளிமையானது. மூன்று வாரத்துக்கு ஒரு பாட்டில் என்றால் ஆண்டுக்குப் பதினேழு, பதினெட்டு பாட்டில். ஓர் ஆண் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு பெண் நான்கு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்கலாம். ஐந்து பேர் போதும். காய்ச்சல், வெளியூர், கல்யாணம் என்று யாராவது வர முடியாமல் போகும் என்பதால் ஒரு பிள்ளைக்கு ஒன்பது பேர் என்று வைத்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். பிள்ளையின் நாளுக்கு மூன்று நாள் முன்பே கொடுப்பவரை அனுப்பிவிடுவோம். எச்ஐவி, மஞ்சள் காமாலை, மலேரியா என்று எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகுதான் ரத்தத்தைத் தருவார்கள், அதற்கு அவகாசம் வேண்டும். ஒரு நேரத்துக்கு இரண்டு பேர், அதற்கு மேல் கிடையாது. போலீஸ் மறித்தால் காட்ட ரத்த வங்கியின் கடிதம். வண்டி இல்லாதவரை நாங்களே ஏற்றிப் போவோம்.

2021 மே மாதம் இன்னொரு சிக்கல். 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கும் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். நல்ல செய்திதான். ஆனால் ஊசி போட்டபின் 28 நாள் ரத்தம் கொடுக்கக் கூடாது என்பது அப்போதைய விதி. எங்கள் நோட்டில் இருந்தவர்கள் முக்கால்வாசி அந்த வயதுக்காரர்கள். "ஊசிக்கு முன்னால் ஒரு தடவை கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டோம். அந்த மாதமே 28 நாளை 14 நாளாகக் குறைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

சரி, இப்போது எதற்கு இந்தப் பழைய கதை என்று கேட்கலாம். கேம்ப்பில் எடுக்கும் ரத்தத்துக்கு ஆயுள் உண்டு. சிவப்பணு 35 நாள், சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 42 நாள். பிளேட்லெட் ஐந்தே நாள். ஆகஸ்ட் 15 அன்று 200 பேர் கொடுத்தால், ஐப்பசி மழையில் டெங்கு வார்டுக்கு வரும் பிள்ளைக்கு அதில் ஒரு சொட்டு மிஞ்சாது. ஒரே நாளில் குவித்துவிட்டு இரண்டு மாதம் கழித்து 'அவசரம்' என்று ஸ்டேட்டஸ் போடுவதைத்தான் வருஷக்கணக்கில் செய்துகொண்டிருந்தோம். ஊரடங்கு வந்து கேம்ப்பைப் பிடுங்கிக்கொண்டதால்தான் ரத்தத்தை அது தேவைப்படும் நாளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கற்றுக்கொண்டோம். கேம்ப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் முறை கொடுக்க பயப்படும் மாணவன் நண்பர்களோடு வரும்போதுதான் கை நீட்டுகிறான். அவன் பெயரை நோட்டில் ஏற்றுவதற்காகவாவது கேம்ப் போடுவோம். ஆனால் நோட்டை மூடிவிட்டுக் கேம்ப் போடுவது சரியில்லை.

நோட்டு வேலையில் போட்டோ எடுக்க எதுவும் இல்லை, ஸ்பான்சர் வரமாட்டார்கள் என்று கூட்டத்தில் சொன்னார்கள். உண்மைதான். வாரம் இருபது போன், அதில் பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள். செய்பவருக்கு அலுப்பு வரும், எனக்கும் வந்திருக்கிறது. அதற்கு வழி, இன்னும் இரண்டு பேர் சேர்ந்து போன் போடுவதுதான்.

அந்தப் பையன் இப்போது நன்றாக வளர்ந்துவிட்டான், பள்ளிக்கூடம் போகிறான். எடை கூடியதால் இப்போது மூன்று வாரத்துக்கு இரண்டு பாட்டில் வேண்டும். ஒன்பது பேர் இருந்த பக்கத்தில் இப்போது பதினைந்து பேராவது இருக்க வேண்டும், பதினொரு பேர்தான் இருக்கிறார்கள். அடுத்த முறை வரும் வெள்ளிக்கிழமை. மதுரையில் பி பாசிட்டிவ் யாராவது இருந்தால், செவ்வாய்க்கிழமைக்குள் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள்.