உருஷியை வெயிலில் வைக்காதீர்கள்

உருஷி என்பது ஜப்பானில் மரப்பொருட்களுக்குப் பூசும், ஒரு மரத்தின் பாலாலான மெருகுப் பூச்சு. "உருஷி பூசிய பெட்டியை நல்ல வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும், இயற்கைப் பொருள்தானே, வெறுங்கையாலேயே பூசலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

உருஷி, ஈரம் வற்றிக் காய்கிற பெயிண்ட் அல்ல. அந்த மரப்பாலில் உள்ள லாக்கேஸ் என்ற நொதி, காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு அதை இறுக வைக்கிறது. அந்த நொதி வேலை செய்ய ஈரக்காற்று வேண்டும். அதனால்தான் ஜப்பானியக் கைவினைஞர்கள், உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்த மர அலமாரிக்குள் பொருளை வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். வெப்பம் 20-30 டிகிரி, ஈரப்பதம் 70-80 சதவீதம் இருந்தால் சரி. ஈரம் மிஞ்சினாலும் வம்புதான்: கனமாகப் பூசிய இடத்தில் மேல்தோல் மட்டும் அவசரமாக இறுகிச் சுருங்கிவிடும்.

மரத்தின் ரேகை தெரிய உருஷி பூசும், ஜப்பானின் செண்டாய் நகரத்து 'தன்சு' மரப்பெட்டிகளையும் நேர்வெயிலில் வைக்கக் கூடாது. இறுகிய உருஷி அமிலத்தைக்கூடத் தாங்கும், புற ஊதாக்கதிரைத் தாங்காது. பளபளப்பு போய் வெளிறும்.

அப்புறம் வெறுங்கை. இறுகாத உருஷி பட்டால் பலருக்குத் தோல் தடித்து, அரித்து, கொப்புளம் போடும். முந்திரியும் இதே தாவரக் குடும்பம். கொட்டையின் ஓட்டுப்பால் கையைப் புண்ணாக்குவதைப் பண்ருட்டிப் பக்கம் கேட்டால் சொல்வார்கள். கையுறை, முழுக்கைச் சட்டை இரண்டும் கட்டாயம்.