அணைத் தண்ணீர் திடீரென்று தெளிந்தால் சந்தோஷப்படாதீர்கள்

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஏரியைப் பற்றிப் பேச்சு எடுத்தால் முதல் கேள்வியே தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்பதுதான். கலங்கினால் கெட்டது, அடியில் கல் தெரிந்தால் நல்லது. சாக்கடை கலக்கும் ஏரிக்கு இந்தக் கணக்கு சரிதான். ஆனால் ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் ஓர் அணை, காரணம் தெரியாமல் வருடத்துக்கு வருடம் இன்னும் தெளிந்துகொண்டே போனால் சந்தேகப்பட வேண்டும். அங்கே மீனுக்குப் போகவேண்டிய சாப்பாட்டை வேறு ஏதோ வடிகட்டித் தின்றுகொண்டிருக்கலாம்.

வட அமெரிக்கப் பேரேரிகளில் நடந்தது அதுதான். கருங்கடல், காஸ்பியன் பக்கத்து ஜீப்ரா மட்டி என்ற சின்னச் சிப்பி, சரக்குக் கப்பல்கள் எடைக்காக ஏற்றி இறக்கும் தண்ணீரோடு போய்ச் சேர்ந்தது. 1988-ல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே அதன் உறவினமான குவாகா மட்டி ஈரி ஏரியில் தென்பட்டது. கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு மட்டி நாளைக்குச் சுமார் 1 லிட்டர் தண்ணீரை வடிகட்டும். சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி போய்விடும். அதைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத உயிரினங்கள் குறையும். அவற்றை நம்பியிருக்கும் மீன்குஞ்சும் சின்ன மீனும் இளைக்கும். கடைசியில் பெரிய மீன்.

ஹியூரான் ஏரியில் அலவைஃப் என்ற சின்ன மீன் 2003, 2004 வாக்கில் சரிந்தது. ஒரு பக்கம் சால்மன் அதை வேட்டையாடியது, மறுபக்கம் மட்டி அதன் உணவைப் பறித்தது. அலவைஃப் போனதும் அதைத் தின்று வளர்ந்த சால்மனும் விழுந்தது. அடிமட்டத்தில் டைபோரியா என்ற இறால் போன்ற சிற்றுயிர் இருந்தது, கொழுப்புச் சத்து நிறைந்தது. மட்டி பரவிய இடங்களில் அதுவும் மறைந்துபோக, அதைத் தின்ற வைட்ஃபிஷ் என்ற மீன்கள் எலும்பும் தோலுமாயின. இன்னொரு கொடுமை, மட்டி எல்லாப் பாசியையும் தின்பதில்லை. நச்சுள்ள நீலப்பச்சைப் பாசியை உறிஞ்சிப் பார்த்து, வேண்டாம் என்று துப்பிவிடும். போட்டிக்கு வேறு பாசி இல்லாத தண்ணீரில் அந்த விஷப்பாசி தனிக்காட்டு ராஜாவாகப் பெருகும்.

கப்பலே வராத மலைக்கு இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் பக்கத்துக்குச் சாதகமாக ஒன்று உண்டு: நீலகிரியின் பாறை சார்னோகைட், அதில் ஊறி வரும் தண்ணீர் கால்சியம் குறைந்த மென்னீர். ஜீப்ரா மட்டி ஓடு கட்ட லிட்டருக்குச் சுமார் 12 முதல் 15 மில்லிகிராம் கால்சியமாவது வேண்டும், செழிக்க அதற்கு மேல். அதனால் மேல்மலை அணைகளில் அது வேர்விடுவது கடினம். எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய காக்கா ஆழி என்ற அந்நிய மட்டியும் உவர்நீர்ச் சாதி, பைக்காராவில் பிழைக்காது. எனக்குப் பயம் தங்க மட்டியிடம்தான். சீனத்தைச் சேர்ந்தது. 1991-ல் தென் அமெரிக்காவின் லா பிளாட்டா ஆற்று முகத்தில் தெரிந்தது, 2001-ல் பிரேசில்-பராகுவே எல்லையில் உள்ள இட்டைப்பு அணையை எட்டிவிட்டது, 2024-ல் கலிபோர்னியாவிலும் கண்டுபிடித்தார்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராம் கால்சியம் இருக்கும் தண்ணீரிலும் அது வாழும். மென்னீர் என்ற நம் கோட்டைச்சுவர் இதற்குச் செல்லாது. போதாக்குறைக்குத் தேயிலைக்கு இடும் கால்சியம் கலந்த டோலமைட்டும் சாக்கடையும் சேர்கிற கீழ்மலை நீர்நிலைகளில் அந்தச் சுவர் இன்னும் தாழ்வு.

மேலே வந்தால் மேலே நிற்காது. பைக்காரா தண்ணீர் சிங்காரா, மரவகண்டி வழியாக மாயாற்றில் இறங்கிப் பவானிசாகர் சேர்கிறது. குந்தா தொகுதியின் தண்ணீர் பில்லூருக்குப் போகிறது, கோயம்புத்தூர் அதைக் குடிக்கிறது. பிறந்த புதிதில் மட்டியின் குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. வாரக்கணக்கில் மிதந்து, குழாயோ சல்லடையோ கிடைத்த இடத்தில் நார் விட்டு ஒட்டும். கூன் முதுகு மஹ்சீர் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் மாயாறும் ஒன்று என்பதை மறக்க வேண்டாம். மேல்மலை அணைகளில் பாசி முதலிலேயே குறைவு. பங்கு கேட்க ஓர் ஆள் வந்தால் டிரவுட் குஞ்சுக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

வரக்கூடிய வாசல்களில் முதலாவது மீன்தொட்டி. 2021-ல் அமெரிக்கச் செல்லப்பிராணிக் கடைகளில் விற்ற பாசி உருண்டைகளுக்குள் உயிருள்ள ஜீப்ரா மட்டி இருந்தது. ஆன்லைனில் வாங்கும் தொட்டிச் செடிக்கும் இதே ஆபத்து. தொட்டியைக் கலைத்தால் செடியையும் உருண்டையையும் ஒரு நாள் முழுக்க ஃபிரீசரில் வையுங்கள், அல்லது ஒரு நிமிடம் கொதிக்க வைத்துக் குப்பையில் போடுங்கள். தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள், ஓடையில் வேண்டாம்.

இரண்டாவது வாசல் மீன்குஞ்சுப் பாக்கெட். சமவெளிப் பண்ணையிலிருந்து குஞ்சு வரும்போது பாக்கெட்டை ஏரித் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் அப்படியே கவிழ்க்கிறார்கள். சூடு சமப்படுத்துவது சரி, கவிழ்ப்பது தவறு. குஞ்சை மட்டும் வலையில் அள்ளி விட்டுவிட்டு, பாக்கெட் தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிக் கொட்ட வேண்டும். மொத்தமாகக் கொண்டுவரும் பண்ணைகளுக்கு ஒரு முறை உண்டு: லிட்டருக்கு 750 மில்லிகிராம் பொட்டாசியம் குளோரைடு 1 மணி நேரம், பிறகு 25 மில்லிகிராம் ஃபார்மலின் 2 மணி நேரம். வரிசை மாறக்கூடாது. பொட்டாசியம் பட்டால் மட்டிக்குஞ்சால் தன் ஓட்டின் வாயை மூடிக்கொள்ள முடியாது, அப்போதுதான் ஃபார்மலின் உள்ளே போகும். மீன் இனத்துக்கு இனம் தாங்கும் அளவு வேறு, முதலில் பத்துக் குஞ்சில் செய்து பாருங்கள்.

மூன்றாவது, படகும் வலையும் ரப்பர் பூட்ஸும். வெளிநாட்டுக் கையேடுகள் ஐந்து நாள் காயவைக்கச் சொல்கின்றன. ஜூலை மாத அவலாஞ்சியில் ஐந்து நாளில் ஒரு துண்டுகூடக் காயாது. வளர்ந்த மட்டி குளிர்ந்த ஈரக்காற்றில் ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். அதனால் இங்கே வெந்நீரே வழி. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதிநீர் 2 பங்கு, பச்சைத் தண்ணீர் 1 பங்கு கலந்தால் 65 டிகிரியை ஒட்டி வரும். படும் இடத்தில் 60 டிகிரி இருந்தால் பத்து விநாடி போதும். வலை மடிப்பு, பூட்ஸின் அடிப்பள்ளம், மோட்டார் குழாய் போன்ற இடுக்குகளுக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். பிளீச்சிங் பவுடரைக் கரையில் வைத்துப் பயன்படுத்தாதீர்கள், வழிந்து ஓடையில் கலந்தால் அது மீனைக் கொல்லும்.

மட்டியைத் தின்னும் மீனைக் கொண்டுவந்து விடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். கண்ணாடிக் கெண்டையை 1939-ல் ஊட்டிக்குக் கொண்டுவந்ததும் நல்லது என்று நினைத்துத்தான். ஒரு அந்நியனை அடக்க இன்னொரு அந்நியன் என்பது முடிவில்லாத கடன்.

நம் நாட்டு மட்டியை அடித்துக் கொல்லவும் வேண்டாம். அது சேற்றிலோ மணலிலோ பாதி புதைந்து தனித்தனியாகக் கிடக்கும், வளர்ந்தால் உள்ளங்கையை நிறைக்கும், கல்லில் நார் விட்டு ஒட்டாது. அதன் குஞ்சு மீனின் செவுளைப் பற்றிக்கொண்டு வளர்வது, மீன் இல்லையென்றால் அதுவும் இல்லை. அந்நிய மட்டியோ கொத்துக் கொத்தாக ஒட்டும், நாட்டு மட்டியின் ஓட்டின்மேலேயே ஏறி அதை மூச்சடைக்கவைக்கும்.

கண்காணிக்கப் பெரிய செலவில்லை. ஒரு சாண் சதுர பிவிசி தகடுகளை ஒரே கயிற்றில் 1, 3, 5 மீட்டர் ஆழத்தில் தொங்கவிடுங்கள். தங்க மட்டி இருட்டை விரும்பும், எனவே படகுத்துறையின் நிழல் பக்கத்தில் கட்டுங்கள். மாதம் ஒருமுறை தூக்கி அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். வழுவழுப்பு வெறும் பாசி. உப்புத்தாள்போல் சொரசொரத்தால் சுரண்டித் தண்ணீரில் விடாமல், ஸ்பிரிட் ஊற்றிய புட்டியில் போட்டு, இடமும் தேதியும் எழுதி ஒட்டி, அன்றைக்கே மீன்வளத் துறையிடம் கொடுங்கள்.